ஆர்வி-7 வால் கிட் வரப்போகிறது: எதில் கவனம் வைப்பது?

கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார், மென்பொருள் வேலை. வீட்டிலேயே கட்டிக்கொள்கிற ஆர்வி-7 என்ற சின்ன விமானத்தின் வால் பகுதிக் கிட்டுக்குப் பணம் கட்டிவிட்டார். ரிவெட் கன்னை, அதாவது தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்கிற காற்றுச் சுத்தியலை, இதுவரை கையில் பிடித்ததே இல்லை. எங்கே தொடங்குவது, எத்தனை மணி நேரம் பிடிக்கும், ஆட்கள் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

நான் என் கராஜில் ஓர் ஆர்வி-7 கட்டி முடித்து அதில்தான் பறக்கிறேன். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் வால் கட்டிய நான்கு பேருக்குக் கைகொடுத்திருக்கிறேன். பார்த்ததை வைத்து மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரிவெட் அடிக்கும்போது சறுக்குகிறவர்கள் குறைவு. சுமாராக விழுந்த ரிவெட்டைப் பிடுங்கப்போய் நல்ல ஓட்டையைக் கெடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். எதைப் பிடுங்கி எறிய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்ற கண் உங்களுக்கு வந்துவிட்டால் வால் கட்டியதன் பலன் பாதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கண் எப்படி வரும் என்பதற்குத்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளம்.

வாலை ஏன் முதலில் விற்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வன் 1973-ல் தொடங்கிய நிறுவனம் வேன்ஸ் ஏர்கிராஃப்ட். இப்போது ஒரெகான் மாநிலத்தில் அரோரா என்ற ஊரில் இருக்கிறது. ஆர்வி என்பது அவர் பெயரின் முதலெழுத்துகள். வால், இறக்கை, ஃபியூசலாஜ் (உடற்பகுதி), ஃபினிஷ் (கடைசிக்கட்டப் பாகங்கள்) என்று கிட்டைத் துண்டு துண்டாக வாங்கலாம். வால்தான் இருப்பதிலேயே சின்னது, விலையும் குறைவு. ஆனால் இறக்கையில் வரப்போகிற வேலை கிட்டத்தட்ட எல்லாமே அதில் இருக்கிறது: ஸ்பார் (நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு), ரிப் (குறுக்கு விலா), ஸ்கின் (மேல்தகடு), டிம்பிள் (அழுத்திக் குழி போடுவது), கவுன்டர்சிங்க் (ரிவெட் தலை அமரக் குழி குடைவது), பக்கிங் (அடிக்கும்போது ரிவெட்டின் மறுமுனையில் கனமான கட்டியைப் பிடிப்பது), பேக்-ரிவெட்டிங், ஓரம் மடிப்பது, முன்விளிம்பு சுருட்டுவது. வாலில் ஒரு ரிப்பைக் கெடுத்தால் சின்னத் தொகையில் இன்னொன்று தபாலில் வந்துவிடும். இறக்கை ஸ்பாரில் ஓர் ஓட்டை தவறினால் கதையே வேறு. அதனால் இதை ஒரு பள்ளிக்கூடம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பறக்கப்போகிற பள்ளிக்கூடம். விமானத்தின் எடைமையம் இறக்கையின் தூக்குவிசைக்கு முன்னால் இருப்பதால் மூக்கு எப்போதும் கீழே சாயப் பார்க்கும். வாலில் இருபுறமும் நீண்டிருக்கும் அசையாத சிறகான கிடைமட்ட ஸ்டெபிலைசர் வாலைக் கீழே அழுத்தித்தான் அதைச் சமன் செய்கிறது. பறக்கிற ஒவ்வொரு நிமிடமும் அதன் ஸ்பார் அந்தச் சுமையில் வளைந்துகொண்டிருக்கும்.

கருவிகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. விமானக் கருவி விற்கிறவர்கள் ஆர்வி-க்கென்றே ஒரு தொகுப்பு வைத்திருக்கிறார்கள், அதை வாங்கினால் போதும். இரண்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஒன்று டங்ஸ்டன் பக்கிங் பார். இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தி, ரிப்பின் உள்மூலைக்குள் நுழைகிற சின்ன அளவிலேயே வேண்டிய கனம் இருக்கும். இன்னொன்று டிஆர்டிடி-2 என்கிற நெம்புகோல் டிம்பிளர். அது ஏன் என்று கீழே சொல்கிறேன். ரிவெட்டை நெருக்கி அமுக்குகிற ஒரு நல்ல கை ஸ்க்வீசரும் வேண்டும். ஸ்பார், ரிப் ஓரங்களில் அது எட்டுகிற இடத்திலெல்லாம் கன்னை எடுக்கவே தேவையில்லை. ரிவெட் அடிக்கும்வரை தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற தற்காலிகக் கவ்வியான க்ளீகோ பல நூறு வேண்டும். வெள்ளி நிறம் 3/32 அங்குல ஓட்டைக்கு, செம்பு நிறம் 1/8 அங்குலத்துக்கு.

பெட்டி வந்ததும் முதல் நாள் வேலை எண்ணிச் சரிபார்ப்பதுதான். பொருள் பட்டியலை ஒருவர் வாசிக்க இன்னொருவர் எடுத்து வையுங்கள். ரிவெட் பைகளின் எண்களைப் படிக்க அன்றைக்கே பழகிக்கொள்ளலாம். ஏஎன்426ஏடி3-3.5 என்றால், 426 என்பது தகட்டோடு சமமாக அமர்கிற 100 பாகைத் தலை. ஏடி என்பது 2117 என்ற உலோகக் கலவை, தலையின் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கும், அதுதான் அடையாளம். 3 என்பது விட்டம், 1/32 அங்குலக் கணக்கில். 3.5 என்பது நீளம், 1/16 அங்குலக் கணக்கில். உருண்டைத் தலை உள்ளது ஏஎன்470. இந்த இரண்டு வகையும்தான் உங்கள் வாலின் பெரும்பகுதி.

தகடுகளின் மேல் நீல நிற பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். கீறல் விழாமல் காப்பது அதன் வேலை. சிலர் முழுவதும் உரித்துவிடுகிறார்கள், சிலர் ரிவெட் வரிசை ஓடும் இடத்தை மட்டும் உரிக்கிறார்கள். இரண்டாவது வழியென்றால் சால்டரிங் அயர்னின் முனையை நன்றாக மழுக்கித் தேய்த்து, ஸ்கேல் வைத்து மெல்ல இழுத்தால் படலம் உருகிப் பிரியும். கத்தி கூடவே கூடாது. உள்பக்கத்துப் படலத்தை மட்டும் மொத்தமாக எடுத்துவிடுங்கள். வெளிப்பக்கத்தையும் ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம், அடியில் ஈரம் தங்கி அரிப்பு பிடிக்கும், உரிப்பதும் சிரமமாகிவிடும்.

இந்தத் தகடு 2024-டி3. சுமார் நூற்றுக்கு நான்கரை பங்கு செம்பு கலந்தது. வலிமை அந்தச் செம்பிலிருந்து வருகிறது, சீக்கிரம் அரிக்கிற குணமும் அதிலிருந்துதான். அதனால் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய தோலாக ஏற்றித் தருகிறார்கள். அதற்குப் பெயர் ஆல்கிளாட். ஸ்டெபிலைசர் ஸ்கின்னின் கனம் 0.032 அங்குலம், அதாவது 0.8 மில்லிமீட்டர். திசைதிருப்பும் ரடர், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் இரண்டின் தகடுகளும் அதையும்விட மெல்லியவை. இவ்வளவு மெல்லிய, விறைப்பான உலோகத்தில் விரிசல் பெரும்பாலும் ஓர் ஓரத்திலிருந்துதான் கிளம்பும். ஓர் ஓட்டையின் பிசிறு, கத்தரித்த விளிம்பில் ஒரு சின்ன வெட்டு, உள்மூலையில் அரம் விட்டுப்போன கோடு என்று எது கிடைத்தாலும் அதற்குப் போதும். எனவே நீங்கள் வாலில் செலவழிக்கிற நேரத்தில் பெரும்பங்கு ஓரங்களுக்கே போகும், போக வேண்டும். தகட்டின் விளிம்பை முதலில் அரம், பிறகு எமரித் தாள், பிறகு ஸ்காட்ச்-பிரைட் என்று நீளவாக்கில் இழுத்துத் தேய்த்துவிட்டுக் கட்டைவிரல் நகத்தை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயும் தட்டக் கூடாது. ரிப்களின் மூலைகளில் தொழிற்சாலை வெட்டிவிட்ட அரைவட்ட வெட்டுகள் இருக்கும். தட்டையான அரம் அதற்குள் நுழையாது. மெல்லிய எமரித் துண்டைக் கயிறுபோல் சுருட்டி உள்ளே விட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல் இழுத்துத் தேய்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், அதற்காக ஒன்றைக்கூட விடாதீர்கள். ஆர்வி-6, 7, 8 வகைகளில் கிடைமட்ட ஸ்டெபிலைசரின் முன் ஸ்பாரில், உடம்போடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் விரிசல் காணப்பட்டு, 2014-ல் நிறுவனமே சோதனை செய்யச் சொல்லி சர்வீஸ் புல்லட்டின் என்ற அறிவிப்பை வெளியிட்டது. உங்கள் கையில் இருக்கும் ஸ்பாரில் அந்த இடம் எது என்று புல்லட்டினை வைத்துத் தேடிப் பாருங்கள். அதன் பிறகு ஓரத்தைத் தேய்க்க உங்களை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்காது.

ஓட்டையின் பிசிறு எடுப்பதில் இதற்கு நேர்மாறான எச்சரிக்கை சொல்ல வேண்டும். பிசிறு எடுக்கும் பிட்டை இரண்டு விரலால் லேசாக அழுத்தி இரண்டு சுற்று சுற்றினால் போதும். புதியவர்கள் ஆர்வத்தில் ஆறேழு சுற்று சுற்றி ஓட்டையின் வாயையே அகலமாக்கிவிடுகிறார்கள். 0.8 மில்லிமீட்டர் தகட்டில் ஓட்டையின் சுவரே அவ்வளவுதான், அதில் பாதியைச் செதுக்கிவிட்டால் ரிவெட் எதைப் பிடிக்கும்?

ரிப்கள் வந்தபடியே பொருந்தாது. அச்சில் வைத்து மடிக்கும்போது வளைந்த ஓரத்தில் உலோகம் மிஞ்சிப்போவதால் ரிப் முழுவதும் வாழைப்பழம்போல் வளைந்திருக்கும். ஃப்ளூட்டிங் ப்ளையரால் ஓட்டைகளுக்கு நடுவே சின்னச் சின்ன மடிப்பு வைத்து அந்த மிச்சத்தை உள்ளே இழுக்க வேண்டும். ரிப்பை மேசையில் படுக்கவைத்து, ஓட்டை வரிசைமேல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். எல்லா ஓட்டையும் ஒரே கோட்டுக்கு வரும்வரை ஒவ்வொரு மடிப்பாக வையுங்கள். அதேபோல் ஓரமடிப்பு நேர் 90 பாகைக்கு வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆர்வி-7-இல் ஸ்கின், ரிப் இரண்டிலும் ஓட்டைகள் கம்ப்யூட்டர் கணக்கில் முன்கூட்டியே போடப்பட்டு வருவதால், எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தினாலே வடிவம் தானாக நேராகிவிடும். பழைய ஆர்வி கட்டியவர்கள் இதற்காகவே பெரிய மரச் சட்டம் அடித்து நிறுத்திவைத்திருந்தார்கள். உங்களுக்கு அந்தத் தேவை இல்லை. க்ளீகோ போடும்போது ஓட்டையை வலுக்கட்டாயமாக இழுக்க நேர்ந்தால் மட்டும் நிறுத்திவிட்டு ரிப்பை மறுபடி பாருங்கள்.

அடுத்தது டிம்பிள். தகட்டை ஓட்டையைச் சுற்றிக் கிண்ணம்போல் அழுத்தி, ரிவெட் தலை அதில் அமர்ந்து மேற்பரப்போடு சமமாக நிற்கும்படி செய்கிற வேலை இது. ஆண் டை (முனை நீண்ட அச்சு) எப்போதும் தகட்டின் வெளிப்பக்கம், ரிவெட் தலை உட்காரும் பக்கம். ஒவ்வொரு தகட்டிலும் வெளிப்பக்கத்தில் மார்க்கரால் பெரிதாக "வெளி" என்று எழுதிவிட்டுத்தான் நான் கருவியையே எடுப்பேன். சி-ஃபிரேம் என்ற மலிவான கருவியில் சுத்தியலால் அடித்து டிம்பிள் போடலாம், வேலை நன்றாகவே வரும். அதிலுள்ள ஆபத்து, தகடு ஒரு மயிரிழை நகர்ந்து, டையின் முனை ஓட்டையில் இறங்காமல் பக்கத்தில் நிற்பது. அதை நீங்கள் கவனிக்காமல் சுத்தியலை இறக்கினால் நல்ல ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை, அத்தோடு அந்த ஸ்கின் போயிற்று. நெம்புகோல் டிம்பிளரில் கையை இறக்கும்போதே முனை ஓட்டையில் நுழைந்ததா இல்லையா என்று விரலுக்குத் தெரியும். சத்தமும் கிடையாது, குழந்தைகள் தூங்கின பிறகும் வேலை செய்யலாம். நல்ல டிம்பிளை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குழியின் விளிம்பு கூர்மையான ஒரு வட்டமாகத் தெரியும். வட்டத்துக்கு வெளியே தகடு சொளசொளவென்று பள்ளமாகப் போனால் அழுத்தம் போதவில்லை, இன்னொரு முறை அழுத்துங்கள்.

டிம்பிள் போடும்போது ஓட்டையின் விளிம்பு இழுபட்டு நீள்கிறது. விளிம்பு சுத்தமாக இருந்தால் தாங்கும், இல்லாவிட்டால் கிழியும். இது ஏட்டுப் பாடமாக நிற்காமல் ஒருமுறை பெரிய அளவில் நடந்தேவிட்டது. 2022, 2023 வாக்கில் அனுப்பப்பட்ட பல பாகங்களில் ஓட்டைகள் வழக்கமான பஞ்ச் முறைக்குப் பதில் லேசரால் வெட்டப்பட்டிருந்தன. டிம்பிள் போட்டபோது அந்த ஓட்டைகளின் விளிம்பில் விரிசல் விட்டது. வேன்ஸ் நிறுவனம் சோதனைகள் நடத்தி, பாகங்களை மாற்றித் தர முன்வந்தது. இந்தச் செலவும் மற்ற நெருக்கடிகளும் சேர்ந்து 2023 டிசம்பரில் சாப்டர் 11 திவால் பாதுகாப்பு கேட்கும் நிலைக்கே போய், 2024-ல் மீண்டு வந்தது. நீங்கள் புதிதாக வாங்குவதால் கவலையில்லை. ஆனால் பாதியில் விட்ட வால் கிட்டுகள் விற்பனைக்கு நிறைய வரும், விலையும் ஆசை காட்டும். இதைப் படிக்கிற வேறு யாராவது அப்படி வாங்குவதாக இருந்தால், எந்த ஆண்டு அனுப்பப்பட்ட பாகம், லேசர் ஓட்டையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இனி ரிவெட் அடிப்பது. முதல் ரிவெட்டை விமானத்தில் அடிக்க வேண்டாம். வேன்ஸே பயிற்சிக்கென்று ஒரு சின்ன கிட் விற்கிறது. அதோடு சில சதுர அடி வெற்றுத் தகட்டையும் வாங்கி, இரண்டு துண்டு சேர்த்து வைத்து, இருநூறு ரிவெட்டாவது அடியுங்கள். ஏடி வகை ரிவெட் ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் கெட்டியாகிக்கொண்டே போகும். கன்னின் அழுத்தத்தைப் பயந்து பயந்து குறைத்துவைத்து நீண்ட நேரம் தட்டினால், ரிவெட்டின் வால்முனை விரிவதற்குள் உலோகம் இறுகிவிடும், பிறகு வளையும் அல்லது ஓரம் வெடிக்கும். சுமார் ஒரு விநாடிக்குள் வேலை முடிகிற அளவுக்கு அழுத்தம் இருக்க வேண்டும். 3/32 ரிவெட்டுக்கு என் கன்னில் 40 பிஎஸ்ஐ சரியாக வந்தது. கன்னுக்குக் கன் மாறும், பயிற்சித் தகட்டில் உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்.

என் மனைவி பக்கிங் பார் பிடிக்க, நான் கன் பிடிக்க, கிடைமட்ட ஸ்டெபிலைசரின் முன் ரிப்பில்தான் எங்கள் முதல் வரிசை. அவள் கை முழங்கை வரை ஸ்கின்னுக்குள். நான் இருக்கிற பக்கத்திலிருந்து அவள் முகமே தெரியாது. "வெச்சாச்சா?" என்பேன். "வெச்சாச்சு, அடிங்க" என்று குரல் மட்டும் வரும். கன்னை முதலில் தலைமேல் அழுத்திப் பிடித்த பிறகுதான் விசையைத் தொட வேண்டும். பார் ரிவெட்டின் வாலில் தட்டையாகப் படிந்திருந்தால் சத்தம் திண்ணென்று கெட்டியாக இருக்கும், சாய்ந்திருந்தால் கலகலவென்று அதிரும். பத்தாவது ரிவெட்டுக்குள் சத்தத்தை வைத்தே இருவருக்கும் தெரிந்துவிட்டது. யார் "நிறுத்து" என்றாலும் மற்றவர் காரணம் கேட்காமல் விரலை எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம். இரண்டு பேருக்கும் காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கன்னின் முனை தலையிலிருந்து வழுக்கினால் தகட்டில் பிறை வடிவில் ஒரு வடு விழும். அதைக் கட்டுகிறவர்கள் ஸ்மைலி என்பார்கள். தகட்டைக் கிழிக்காத ஸ்மைலி பெயின்ட்டுக்கு அடியில் போய்விடும், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நல்ல ரிவெட்டின் அளவு எளிது. உள்பக்கத்தில் விரிந்த தலையின் அகலம் தண்டின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி மடங்கு. 3/32 ரிவெட்டுக்கு அகலம் சுமார் 3.6 மில்லிமீட்டர், உயரம் 1.2 மில்லிமீட்டர். இதற்கென்று ஓட்டை போட்ட சின்ன கேஜ் விற்கிறது, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். என் செங்குத்து ஸ்டெபிலைசரில் ஒரு ரிவெட்டின் உள்தலை லேசாக ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. வெளித்தலை சமமாக இருந்தது, அகலமும் சரியாக இருந்தது, தகடுகளுக்கு நடுவே இடைவெளி இல்லை. விட்டிருக்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. ட்ரில் எடுத்தேன், பிட் நடுவில் இறங்காமல் கொஞ்சம் விலகியது. ரிவெட் வந்துவிட்டது, ஓட்டை முட்டைவடிவமாகிவிட்டது. அதில் அடித்த புது ரிவெட் அகன்ற ஓட்டைக்குள் நிற்க இடமில்லாமல் மடங்கிப் படுத்தது. அதையும் பிடுங்கினேன். மூன்றாவது முயற்சியில் உள்ளே இருந்த ரிப்பின் ஓரத்துக்கும் ஓட்டைக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் போதவில்லை. ஓட்டையின் நடுப்புள்ளியிலிருந்து விளிம்புவரை ரிவெட் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. கடைசியில் அந்த வரிசை முழுவதையும் கழற்றி, புது ரிப்புக்கு ஆர்டர் போட்டு, இரண்டு வாரம் காத்திருந்தேன். சாய்ந்த அந்த முதல் ரிவெட் விமானத்தின் ஆயுள் முழுவதும் தன் வேலையைச் செய்திருக்கும்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கிற வழக்கம் இது. சந்தேகமான ரிவெட்டைக் கண்டதும் கைவைக்க மாட்டேன். பக்கத்தில் ஒரு நீல டேப்பை ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போவேன். மறுநாள் காலையில் கேஜோடு வந்து பார்ப்பேன். பாதி டேப்பை அப்படியே உரித்துவிடுவேன். தண்டு மடங்கிப் படுத்திருந்தால், தலையில் விரிசல் இருந்தால், தகடுகளுக்கு நடுவே ரிவெட் பிதுங்கியிருந்தால், வெளித்தலைக்கு அடியில் இடைவெளி தெரிந்தால் அதை எடுத்தே ஆக வேண்டும். உயரம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் இன்னொரு தட்டு போதும். லேசான சாய்வு, லேசான அகலம் இவற்றை விட்டுவிடுங்கள்.

எடுத்தே ஆக வேண்டியதை எடுக்கும் முறையையும் பயிற்சித் தகட்டில் ஐம்பது முறையாவது செய்து பாருங்கள். தலையின் நடுவிலுள்ள குழியில் நம்பர் 40 பிட்டை வைத்து, முதலில் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி இடம் பிடித்த பிறகுதான் மோட்டார். தலையின் ஆழத்துக்கு மேல் ஒரு நூல்கூடப் போகக் கூடாது. பிறகு ஓட்டையில் மெல்லிய பஞ்ச்சை விட்டு லேசாக நெம்பினால் தலை மட்டும் உடைந்து வரும். உள்பக்கம் பக்கிங் பாரில் தாங்கல் கொடுத்துத் தண்டை மெல்லத் தட்டி வெளியேற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஓட்டை பெரிதாகிவிட்டால் என்ஏஎஸ்1097 என்று ஒரு ரிவெட் இருக்கிறது. தண்டு 1/8 அங்குலம், தலை மட்டும் 3/32 ரிவெட்டின் அளவுக்குச் சின்னது. எல்லாரும் அதை ஊப்ஸ் ரிவெட் என்றுதான் கேட்டு வாங்குவார்கள். ஒரு பை வாங்கி வைத்திருங்கள், விளிம்புத் தூரம் இருக்கிற இடத்தில் உயிர்காக்கும்.

அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சான ப்ரைமர் விஷயத்தில் நூறு பேர் நூறு சொல்வார்கள். என் அபிப்பிராயம் சுருக்கமானது: உள்ளே மூடப்படுகிற பாகங்களுக்கு எபாக்சி ப்ரைமர் ஒரு மெல்லிய பூச்சு. கடற்கரை அருகே விமானத்தை நிறுத்தப்போகிறவர்களுக்குக் கட்டாயம், வறண்ட ஊர்க்காரர்களுக்கு விருப்பம். கனமாக அடிக்காதீர்கள், வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமும் எடைமையத்தைப் பின்னால் இழுக்கும்.

ரடரில் ரசித்துச் செய்ய வேண்டிய இடம் பின்விளிம்பு. இரண்டு ஸ்கின்னும் சேரும் கோட்டில் ஆப்பு வடிவ அலுமினியப் பட்டை ஒன்று உள்ளே போகும், மூன்றையும் சேர்த்து இரண்டு பக்கமும் சமதளமாக ரிவெட் அடிக்க வேண்டும். முழு நீளத்திலும் நேர்கோட்டிலிருந்து 0.1 அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது வேன்ஸின் அளவு, அதாவது இரண்டரை மில்லிமீட்டர். அவசரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அடித்துக்கொண்டே போனால் விளிம்பு வில்லாக வளைந்துவிடும். ஆப்பின் இரு பக்கமும் டாங்க் சீலன்ட் என்ற பசையை மெல்லியதாகத் தடவி, நேரான அலுமினிய ஆங்கிளோடு சேர்த்து க்ளீகோ போட்டு, முழுக்க இறுகும்வரை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாளானாலும் பரவாயில்லை. அதன் பிறகு கனமான எஃகுப் பட்டைமேல் கிடத்தி, பத்தாவது ஓட்டைக்கு ஒன்று என்று தாண்டித் தாண்டி அடித்து, பிறகு நடுவில் உள்ளவற்றை நிரப்ப வேண்டும். முதலில் எல்லாவற்றையும் பாதிதான் அடிக்க வேண்டும், முழு அடி இரண்டாம் சுற்றில். நான் முடித்ததும் ரடரை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூல் பிடித்ததுபோல் பார்த்தேன். அந்தக் கோடு நேராக நின்றதைப் பார்த்த சந்தோஷம் முதல் பறப்புக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

எலிவேட்டரில் ஆப்பு கிடையாது, ஒரே தகடு பின்விளிம்பில் மடிகிறது. தொழிற்சாலை பாதி மடித்து அனுப்பும். மிச்சத்தை இரண்டு பலகைகளைக் கதவுக் கீலால் இணைத்து நீங்களே செய்துகொள்ளும் மடிப்பானில் முடிக்க வேண்டும். மடிப்பதற்கு முன்பே உள்ளே, தகட்டை விறைப்பாக்கும் பட்டைகளான ஸ்டிஃப்பனர்களைப் பேக்-ரிவெட் செய்துவிட வேண்டும். இது எல்லாவற்றிலும் எளிதான, அழகாக வருகிற ரிவெட்டிங். தகட்டை எஃகுப் பட்டைமேல் தலைகீழாகப் போட்டு உள்பக்கத்திலிருந்து அடிப்பதுதான். பட்டை ரிவெட்டுக்கு அடியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தடவிப் பாருங்கள், அது விலகியிருந்தால் அடி மேசைப் பலகையில் இறங்கி ஸ்கின் குழிந்துவிடும். எதிரெதிர் ஸ்டிஃப்பனர்கள் பின்விளிம்பில் சந்திக்கிற இடங்களில் ஆர்டிவி சிலிக்கானை ஓர் உருண்டையாக வைத்து மூடுங்கள். ப்ரொப்பெல்லர் காற்றில் தகடு துடிப்பதை அது அடக்குகிறது. இல்லையென்றால் சில நூறு மணி நேரப் பறப்புக்குப் பிறகு ஸ்டிஃப்பனரின் கடைசி ரிவெட்டில் விரிசல் விடலாம். இடது எலிவேட்டரில் ட்ரிம் டேப் என்ற சின்ன அசையும் மடலுக்காக வெட்டி மடிக்கிற மூலைதான் வாலிலேயே கடினம். அங்கே இன்னொரு ஸ்கின் வாங்க நேர்ந்தாலும் மனம் தளராதீர்கள், பலருக்கும் நடப்பதுதான். முன்முனையில் உள்ள ஈயக் கட்டிகளைக் கடைசிவரை இறுதி செய்யாதீர்கள். பெயின்ட் அடித்தால் பின்பக்கம் எடை கூடும், சமநிலை மாறும். பின்பக்கம் கனத்த எலிவேட்டர் வேகத்தில் படபடவென்று அடிக்கத் தொடங்கினால் அதுதான் ஃப்ளட்டர். சில விநாடிகளில் வாலையே பிய்த்துவிடும்.

காகித வேலையையும் இப்போதே தொடங்குங்கள். அமெரிக்க விதிப்படி விமானத்தின் பெரும்பகுதியைச் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியிருக்க வேண்டும், அதைத்தான் 51 சதவீத விதி என்கிறார்கள். தேதியோடு குறிப்பும், உங்கள் கை தெரிகிற படங்களும் இருந்தால் போதும். பின்னாளில் உங்கள் விமானத்தின் ஆண்டுச் சோதனையை நீங்களே செய்வதற்கான ரிப்பேர்மேன் சான்றிதழுக்கும் அதுதான் ஆதாரம். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் அமைப்பான ஈஏஏ-வில் டெக்னிக்கல் கவுன்சிலர்கள் என்று அனுபவசாலிகள் இருக்கிறார்கள். காசு வாங்காமல் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். ஸ்டெபிலைசரின் கடைசிப் பக்கத்தை மூடுவதற்கு முன்னால் ஒருவரை அழையுங்கள். மூடிய பிறகு அழைத்தால் அவர் பார்க்க வேண்டியது உள்ளே போயிருக்கும். உங்கள் நீல டேப்புகளையும் அவரிடம் காட்டுங்கள்.

எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு: எனக்கு வால் மட்டும் 190 மணி நேரம் ஆனது, அதில் அந்த ரிப் கதைக்கே இருபதுக்குக் குறையாது. வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் முழுவதும் விட்டுவிட்டு ஞாயிறன்று பத்து மணி நேரம் அடிப்பதைவிட, தினமும் ஒரு மணி நேரம் கராஜுக்குள் போவது நல்லது. களைத்த கையோடு ட்ரில்லை எடுக்காதீர்கள். டெக்சாஸ் கோடையில் மதியம் கராஜில் நிற்கவே முடியாது, பிசிறு எடுக்கிற வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

முடித்த பாகங்களைத் தரையில் நிறுத்திவைக்காதீர்கள். இறக்கை, ஃபியூசலாஜ் எல்லாம் முடிந்து வால் ஏறுவதற்கு மூன்று நான்கு வருடம் ஆகலாம், அதற்குள் கராஜில் சைக்கிள், ஏணி, பந்து என்று எது வேண்டுமானாலும் அதன்மேல் விழும். சுவரில் தலைக்கு மேலே இரண்டு மரத் தாங்கிகள் அடித்து, பழைய கம்பளத்தைச் சுற்றி, ஸ்டெபிலைசர்களையும் ரடரையும் அதில் ஏற்றிவிடுங்கள். எலிவேட்டர்களைப் பின்விளிம்பு மேலே இருக்கும்படி, முன்விளிம்பில் நிற்கவையுங்கள்.